மாதிரிச் சீப்பு

ஜனவரி 11

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

அத்தை சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? அண்ணியின் முழங்கால் வலி தணிந்ததா? அண்ணன் மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

நேற்று உன்னோடு ஃபோனில் பேசியதே கடைசி. நான் மூச்சிறைக்கப் பேசுகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ம்" வருகிறது. இன்னும் பேசுகிறேன், இன்னொரு "ம்". கடல் தாண்டி "ம்" வாங்குகிற அளவுக்கு அத்தைக்குச் சம்பளம் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நீ. ஆனால் பேனாவைக் கொடுத்தால் உன்னை நிறுத்த முடியாது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

பல நாடுகள் கூடும் இந்த வணிகப் பேச்சுவார்த்தையில் நம் நாட்டுக் குழுவுக்குத் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் என் வேலை. பெரிய வட்ட மேசை. ஆளுக்கொரு காதுக்கருவி. சுவரோரம் கண்ணாடிக் கூண்டுகள், அவற்றுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள் மீன் தொட்டியில் மீன் வாயசைப்பதைப் போல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன பேச்சு என்று அண்ணன் கேட்பார், சொல்லிவிடு. ஓர் ஊரின் பேரால் புகழ்பெற்ற பொருளை அந்த ஊர்க்காரர்கள் தவிர வேறு யாரும் அந்தப் பேரில் விற்கக் கூடாது. இதற்குப் புவிசார் குறியீடு என்று பேர். பணக்கார நாடுகள் தங்கள் மதுவகைகளுக்கு இந்தக் காவலை நன்றாகப் பூட்டி வைத்திருக்கின்றன. "அந்த ஊர் மது மாதிரி" என்றுகூட யாரும் சீசாவில் எழுத முடியாது. மற்றப் பொருள்களுக்கு அவ்வளவு காவல் கிடையாது. எங்கள் தேயிலைக்கும் கம்பளத்துக்கும் அதே பூட்டைப் போடுங்கள் என்று நம்மைப் போன்ற நாடுகள் சேர்ந்து கேட்கின்றன. ஒவ்வொரு நாடும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. நம் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். அதில் நம் ஊர்ச் சீப்பு இருக்கிறது. அந்த வரியை அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி அடித்தேன்.

கூட்ட அறைக்கு வெளியே நடைபாதையில் பொருள்களைப் பார்வைக்கு வைக்கிறார்கள். உங்கள் சீப்புச் சங்கத்துச் செயலாளரிடம் சொல்லிச் சில சீப்புகள் அனுப்பச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தை


ஜனவரி 28

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. அப்பா மாத்திரையை அம்மா பார்க்கும்போது மட்டும் போடுகிறார்.

நீங்கள் சொன்னபடி செயலாளரிடம் போய் நின்றேன். அவரே புரிந்துகொள்வார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியில் உங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாசித்துவிட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தில் சீப்புக்குப் பல் அறுக்கும் அண்ணன், "தலையில ஒரு முடி கிடையாது, சீப்புக்கு என்ன சந்தோஷம் பாரு" என்றார். செயலாளர் காதில் விழுந்துவிட்டது. "டேய், சமையல்காரன் எல்லாத்தையும் சாப்பிட்டுப் பார்த்தா சமைக்கிறான்?" என்றார்.

நல்ல சீப்புகளாக நானே பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் கம்பளித் துண்டின் மேல் இழுத்துப் பார்ப்பேன். ஒரு நூல் சிக்கினாலும் அந்தச் சீப்பு அண்ணனிடம் திரும்பிப் போகும். இந்தத் தடவை நிறையத் திரும்பிப் போனதால் அவர் என்னை "மாமியார்" என்று கூப்பிடுகிறார். பெட்டிகளில் அடுக்கி, முத்திரை அடித்து அனுப்பிவிட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பிளாஸ்டிக் சீப்பில் நம் ஊர்ப் பேரைப் போட்டு விற்கிறதாம். அதனால் நமக்கு வரும் ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. பட்டியலில் நம் பேர் நின்றால் பெரிய ஆர்டர் வரும், இல்லாவிட்டால் பெட்டி அடைக்கும் அறையை மூட வேண்டியதுதான் என்கிறார் செயலாளர். மூடினால் என் வேலையும் போய்விடும், பிறகு என்னை மாமாவின் துணிக்கடைக் கல்லாவில் உட்கார வைப்பதாக அப்பாவும் மாமாவும் பேசி முடித்துவிட்டார்கள். வருகிறவர்களையெல்லாம் "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்க வேண்டுமாம். நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது.

குளிர் அதிகம் என்று அம்மா கவலைப்படுகிறாள். காதை மூடிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்


பிப்ரவரி 13

அன்புள்ள மாமியாருக்கு,

அத்தை நலம். காது மூடியே இருக்கிறது, காதுக்கருவியால். அங்கே நலமறிய ஆவல்.

பெட்டிகள் உடையாமல் வந்தன. நம் குழுத் தலைவர் ஒன்றை எடுத்துத் தாடியைச் சீவிக்கொண்டார். பிறகு திருப்பி வைக்கவில்லை. நேராக அடுக்கி, பேரெல்லாம் ஒரே வரிசையில் தெரிகிற மாதிரி முத்திரை அடித்தது நீதானே? பார்த்ததும் தெரிந்தது.

இங்கே ஒரு கூத்து. எதிர்த்தரப்பில், அந்தப் பிளாஸ்டிக் சீப்புக் கம்பெனியின் நாட்டுக் குழுவில், தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழை அம்மாவிடம் மட்டும் கற்றவர். அதனால் அம்மா பேசிய தமிழ்தான் தெரியும். நேற்று நம் தலைவரைப் பார்த்து எல்லோர் முன்னாலும், "ரொம்ப அடம் பிடிக்காதீங்க" என்றார். தலைவர் ஆடிப்போய்விட்டார். "எங்கள் நிலையில் உறுதியாக இருக்கிறோம்" என்று நான் சொன்னதற்கு, "சமத்தா இருந்தாதான் கிடைக்கும்" என்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு காலில் நீலக் காலுறை, மறு காலில் பழுப்பு.

தேயிலை தப்பித்துவிட்டது. அடுத்த வாரம் கம்பளம், அதற்கு அடுத்தது சீப்பு.

அன்புடன்,
அத்தை


பிப்ரவரி 27

அன்புள்ள குட்டிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். பெட்டியின் மேல் அடித்த முத்திரை எப்போது செய்தது, யார் செய்யச் சொன்னது என்று தெரிய வேண்டும். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சும்மா ஒரு தகவலுக்குத்தான். அண்ணன் அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அத்தை


மார்ச் 10

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்ததால் அப்பா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

முத்திரை புதிது. பழைய முத்திரையில் "சாம்பிள்" என்று இருந்தது. அது தேய்ந்துவிட்டது. செயலாளர், "வெளிநாட்டுக்குப் போறது, நல்ல தமிழ்ல போகட்டும்" என்று "மாதிரி" என்று புதிதாகச் செய்யச் சொன்னார். பழையதை மூடியின் மூலையில் அடிப்போம். இதை மூலையில் அடித்தால் கோணலாகத் தெரிந்தது. அதனால் ஊர்ப் பேர், சீப்பு, மாதிரி என்று ஒரே வரியில் வருகிறபடி அடித்தேன். எழுத்தின் அளவும் ஒன்றாக இருந்தது. கோடு போட்டு அடித்தேன், நேராகத்தானே இருக்கிறது?

அந்தக் காலுறைக்காரர் கதையைக் கேட்டு அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். இன்னும் ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 25

அன்புள்ள குட்டிக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது.

நேராகத்தான் இருக்கிறது. அவ்வளவு நேராக யாராலும் அடிக்க முடியாது.

சீப்பைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. இதெல்லாம் இங்கே சகஜம். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

அண்ணிக்குச் சொல். காலுறைக்காரர் நேற்று என்னோடு தேநீர் குடிக்கும்போது சண்டை போட்டார். அதற்கு முந்தின நாளும் தேநீர், முந்தின நாளும் சண்டை. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கும் என்று நான் சொன்னால், "எங்க அம்மா அப்படிச் சொன்னதே இல்ல" என்கிறார். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். என் கோப்பையில் பாதித் தேநீரை விட்டுவிட்டு எழுந்தேன். "மிச்சம் வைக்கக் கூடாது" என்றார். உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்தேன்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 22

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

அமைச்சகத்திலிருந்து செயலாளருக்குக் கடிதம் வந்தது. அவர் அதைச் சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நம் பெட்டியில் ஊர்ப் பேரும் சீப்பும் மாதிரியும் ஒரே வரியில் இருப்பதால், அது நம் ஊர்ச் சீப்பு இல்லை, நம் ஊர்ச் சீப்பைப் போன்ற ஏதோ ஒரு சீப்பு என்று எதிர்த்தரப்பு சொல்கிறதாம். நீங்களே உங்கள் ஊர்ப் பேரை ஒரு ரகத்தின் பேராகப் போட்டு விற்கிறீர்கள், பிறகு எங்கள் கம்பெனி விற்றால் என்ன தப்பு, அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறார்களாம்.

பல் அறுக்கும் அண்ணன், "மாதிரின்னா மாதிரிதானே? இதுல என்ன குழப்பம்?" என்றார்.

"அவங்க சொல்றது அந்த மாதிரி, நாம சொல்றது இந்த மாதிரி" என்றார் செயலாளர்.

"எந்த மாதிரி?"

"அடப் போடா."

யாரும் என்னைத் திட்டவில்லை. செயலாளர் தன் தலையைத் தடவிக்கொண்டு, "தமிழ்னு கேட்டது நான்தானே" என்றார். ஆனால் ஒரே வரியில் அடித்தது நான்தான் அத்தை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்று எழுதினீர்கள். நேராக இருக்கிறது என்றும் எழுதினீர்கள். எல்லாம் தெரிந்தேதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உங்கள் மேல் கோபப்படலாமா என்று யோசித்தேன், வரவில்லை.

எனக்கு நேரம் நன்றாகப் போகிறது. கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
மருமகள்


மே 4

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

அத்தை நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் இரண்டு மீட்டர் தலையணை உறைத் துணிக்கு உன் மாமா கடை பில் இருக்கிறது, அதுவும் உன் கையெழுத்தில். எப்போதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாய்? நேரம் நன்றாகப் போகிறதாம். நான் ஒன்றை மறைத்தேன், நீ ஒன்றை மறைத்தாய், கணக்கு சரி. இனிமேல் இருவரும் நிறுத்திக்கொள்வோம்.

நிலைமை இதுதான். மாதிரி என்றால் விற்பனைக்கு முன் காட்டுவதற்காக எடுத்த அதே பொருள் என்று நான் அகராதியைக் காட்டினேன். அகராதியில் அவர்கள் சொல்லும் அர்த்தமும் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் வக்கீல் அதைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார். பெட்டியில் இருந்த வரியை அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த நம் காலுறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் கேட்டு வளர்ந்ததைத்தான் எழுதினேன். உங்களுக்காக மாத்தி எழுத முடியாது" என்றார். அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இனி என் மேசைப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஆளைக் காணோம். விடுப்பில் போயிருக்கிறாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கென்ன, எங்கேயாவது போகட்டும். தேநீர் அறையில் சத்தமே இல்லை.

ஜூன் முதல் வாரம் சீப்புக்குக் கடைசிப் பேச்சு. நீ தைரியமாக இரு.

அத்தை


மே 20

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆமாம், ஏப்ரல் தொடக்கத்திலிருந்து கடையில்தான் இருக்கிறேன். பெட்டி அறையைப் பூட்டிவிட்டார்கள். இனி மறைக்கவில்லை.

முந்தாநாள் கடையில் நடந்ததை எழுதுகிறேன். மாமா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் வந்தார். "வாங்க" என்பது என் வேலை. வாயைத் திறந்தேன், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, "பயப்படாதே, யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார். மாமா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"வாங்க சார். என்ன பாக்குறீங்க?"

"எங்க அம்மா வீட்டு ஜன்னலுக்குத் திரைத் துணி வேணும். சமத்தான கலரா ஒண்ணு காட்டுங்க."

"நம்ம கடையில எல்லாக் கலரும் சமத்துதான் சார். தண்ணியில போட்டாலும் சொன்ன பேச்சு கேக்கும்."

அவருக்குச் சாம்பல் நிறமா பச்சையா என்று முடிவு செய்ய முடியவில்லை. மாமா பச்சையில் ஒரு மூலையை வெட்டி அவர் கையில் கொடுத்தார்.

"மாதிரி தரேன். கொண்டுபோய் அம்மாகிட்டக் காட்டுங்க. பிடிச்சா வாங்கிக்கலாம்."

அவர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எது மாதிரி?"

"எது மாதிரியும் இல்ல சார். மாதிரி."

"அதான், எது மாதிரி?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "என்ன சார் நீங்க? இதோ இந்தத் துணிதான் அது. இதேதான். கொஞ்சமா வெட்டியிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்ப இது அந்தத் துணி மாதிரி இல்ல. அந்தத் துணியேதான்."

"அதைத்தானே முதல்லேருந்து சொல்றேன், மாதிரின்னு."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் தலையில நல்லா ஒரு குட்டு வைக்கணும்" என்றார். மாமா என் காதில், "வெயில் தலைக்கு ஏறிடுச்சு போல, தண்ணி கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சீப்புச் சங்கத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.

அவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நானில்லை என்று உங்களுக்குத் தெரியும். முக்காலியில் உட்கார்ந்தபோது கால்சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. ஒரு காலுறை நீலம், இன்னொன்று பழுப்பு. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படி இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 8

அன்புள்ள என் தங்கத்துக்கு,

நலம், நலம், எல்லாம் நலம். உன் கடிதம் முந்தாநாள் காலை வந்தது. வாசித்துவிட்டு நடைபாதையில் தனியாக நின்று சிரித்தேன். காவலாளி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

நேற்றுக் கடைசிப் பேச்சு. அவர் வந்திருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நேரம் வந்ததும் கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்து, தன் மொழிபெயர்ப்பில் ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்த அனுமதி வேண்டும் என்றார். அவர்கள் வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் பையிலிருந்து ஒரு பச்சைத் துணித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். சந்தேகம் தீரவே விடுப்பில் நம் ஊருக்குப் போனதாகச் சொல்லி, கடையில் நடந்ததை அப்படியே விவரித்தார், உன் மாமா குரலோடு. சங்கத்துக்குப் போய் விற்கிற சீப்பைப் பார்த்ததையும், அது இங்கே பெட்டியில் இருக்கிற அதே சீப்புதான் என்பதையும் சொன்னார். மற்ற நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மொழியில் அந்தச் சொல் எப்படி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் தலைவியே சிரித்துவிட்டார். எதிர்ப்பை விலக்கிக்கொண்டார்கள். நம் ஊர்ப் பேர் பட்டியலில் நின்றுவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. பட்டியலில் உள்ள பேரோடு "போல", "வகை", "பாணி" என்ற சொற்களை எந்த மொழியிலும் சேர்த்து எழுதக் கூடாது என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. தமிழுக்கு "மாதிரி"யையும் சேர்த்துவிட்டார்கள். அதை நான்தான் தட்டச்சு செய்தேன். செயலாளரிடம் நீயே சொல்லிவிடு, எனக்குப் பயமாக இருக்கிறது.

அவருடைய வக்கீலுக்கு அவர் மேல் கோபம். அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. தேநீர் அறையில் மறுபடி சத்தம்.

ஜூலை நடுவில் ஊருக்கு வருகிறேன். அண்ணியிடம் இன்னும் ஒரு தட்டு சேர்த்து வைக்கச் சொல். மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற ஆள்.

முத்தங்களுடன்,
அத்தை


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் எல்லோரும் மிக நலம். அப்பா இரண்டு நாளாக மாத்திரையை மறக்கவே இல்லை. அம்மா உங்கள் கடைசி வரியை மறுபடியும் வாசித்தாள். கடைக்குப் போய் ஒரு நாற்காலி வாங்கி வந்துவிட்டாள்.

பெரிய ஆர்டர் வந்துவிட்டது. பெட்டி அறையைத் திறந்தபோது ஒரே தூசி. நானும் அண்ணனும் பெருக்கினோம். செயலாளரிடம் நிபந்தனையை எழுதிக் காட்டினேன்.

"இனிமே அதை அடிச்சா நம்ம ஒப்பந்தத்தை நாமே மீறின மாதிரி ஆயிடும்" என்றார்.

"மாதிரியா?" என்றார் அண்ணன்.

"வாயை மூடுறா."

"பழையபடி சாம்பிள்னு போட்டா என்ன?"

"சங்கத்துல தமிழ்தான்" என்று செயலாளர் பிடிவாதமாக இருந்தார். சாயங்காலம் வரை யோசித்து "பார்வைக்கு" என்று முடிவு செய்திருக்கிறார். எங்கே அடிப்பது என்று என்னைக் கேட்டார். மூடியின் மூலையைத் தொட்டுக் காட்டினேன்.

மறுநாள் மதியம் மாமா அப்பாவோடு சங்கத்துக்கு வந்தார். அப்பாவையும் செயலாளரையும் உட்கார வைத்து, என்னைக் கடையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். "புள்ள பேசாம உக்காந்திருந்தாலே வர்றவங்க கூச்சப்பட்டு எதையாவது வாங்கிட்டுப் போறாங்க. வியாபாரம் ரெண்டு மடங்கு. இங்க குடுக்கறதைவிடக் கூடத் தரேன்" என்றார். அப்பா தாடையைச் சொறிந்தார். செயலாளர் அப்பாவைப் பார்த்தார். மூன்று பேரும் என்னைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா "சரி" என்று சொல்வதற்கு மூச்சு இழுப்பது எனக்குத் தெரிந்தது.

"நான் வரல மாமா. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே அண்ணனின் ரம்பம் நின்றுவிட்டது. செயலாளர், "இப்பப் பேசுனது யாரு?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்டையில இவ்வளவு பெரிய குரலை வச்சுக்கிட்டா என் கடையில மூணு மாசம் 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருந்த?" என்றார்.

நான் கம்பளித் துண்டை எடுத்து விரித்தேன். அண்ணன் முதல் தட்டுச் சீப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை இழுத்துப் பார்த்தேன், நூல் சிக்கியது. "இது திரும்பிப் போகணும்" என்றேன். அவர் எடுத்துக்கொண்டு போனார்.

வரும் நாளை எழுதுங்கள். இருவரும் பத்திரமாக வந்து சேருங்கள்.

என்றும் அன்புடன்,
பெட்டி அறையிலிருந்து உங்கள் மருமகள்